பால்கனிக்கு மேகம் போடவில்லை

அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள், மேடம். கட்டட வரைபட மென்பொருளைத் தொடுகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான். அது தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பார்கள். நம்பாதீர்கள். குடை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாம் தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்த பிறகு குடையோடு வந்து நிற்கிற நண்பன் மாதிரி அது.

நான் பேசுவதைத் தட்டச்சு செய்கிற அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடையிடையே சேமித்துக்கொள்ளட்டும். இதை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை.

இந்த விசாரணைக்கு நீங்கள் என்னை வரச் சொன்னது ஒரே ஒரு சந்தேகத்துக்காக. விழுந்துபோன அந்தப் பால்கனியின் படத்தில் இருக்கும் ஓர் எண் தானாக மாறுமா? எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கும். ஆர்க்கிடெக்ட் மென்பொருள் கோளாறு என்றிருப்பார். கணக்குப் போடுகிற இன்ஜினியர் செத்துப்போனவரின் கைத்தவறு என்றிருப்பார். சைட் சூப்பர்வைசர் தனக்கு எதுவும் தெரியாது என்றிருப்பார். அதனால் தலைமை வரைவாளனான என்னை அனுப்பியிருக்கிறார்கள். செத்தவர் என் தங்கை கணவர் என்பதால், நான் பொறுமையாக விளக்குவேன் என்று உங்களுக்கும் நம்பிக்கை வந்திருக்கும்.

விளக்குகிறேன். பொறுமைதான் என் தொழில்.

இந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. இரண்டு கோடுகள் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த அறைக்குத் தரைக்கோலம் நிரப்பச் சொன்னால், எல்லை மூடவில்லை என்று முறைத்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். எவரோ வரைந்த சோபாவை எடுத்து வந்து ஹாலில் போட்டால், அது தீப்பெட்டி அளவில் ஒரு மூலையில் உட்காரும். அவர் அங்குலத்தில் வரைந்திருப்பார், நாம் மில்லிமீட்டரில். எங்கோ வெகுதூரத்தில் கைதவறி விழுந்த ஒரு புள்ளி போதும். முழுப் படத்தையும் காட்டு என்றால் மூன்று மாடி வீடு எறும்பாகிவிடும். நம் எழுத்துரு அடுத்தவர் கணினியில் இல்லை என்றால், வார்த்தைகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. அப்படி ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் ஆர்க்கிடெக்ட் ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது, உன் படம் என்னையே திருப்பிக் கேள்வி கேக்குது?"

ஆனால் ஒன்று, மேடம். இது கோபப்பட வைக்கும், அழ வைக்கும், செய்த வேலையை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல விழிக்கும். பொய் மட்டும் சொல்லாது. அதில் ஒரு சுவர் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை நீங்கள் எழுத வேண்டியதில்லை. இந்த முனையையும் அந்த முனையையும் தொட்டால் போதும், அதுவே அளந்து எண்ணைப் போட்டுக்கொள்ளும். சுவரை இழுத்து நீட்டினால் எண்ணும் கூடவே மாறும். கோடும் எண்ணும் உடம்பும் நிழலும் மாதிரி.

அதில் பொய் நுழைவது மனிதர் வழியாகத்தான். அந்த எண்ணின் மேல் வேறு எண்ணைக் கையால் அடித்துவிட முடியும். கோடு பழைய இடத்திலேயே கிடக்கும். எண் மட்டும் நாம் சொன்னதைச் சொல்லும். நேரமில்லாதவர்கள் செய்வது அது.

என் மாப்பிள்ளைக்கு எப்போதுமே நேரமில்லை. அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எனக்கு ஸ்கேல் என்று பெயர். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை.

"மாப்ளே, கோடு ஒண்ணு சொல்லுது, எண் ஒண்ணு சொல்லுதே."

"சைட்ல கோட்டையா அளக்கப்போறாங்க மச்சான்? எண்ணைத்தானே படிப்பாங்க."

"நாளைக்கு யாராவது கோட்டைத் தொட்டா என்ன ஆகும்?"

"யாரு தொடுவா? தொட்டா நீங்கதான் தொடணும். வேற யாருக்கு இவ்ளோ பொறுமை?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நாங்களே அச்சடித்திருப்போம், எழுதிய அளவே செல்லும், படத்தை அளக்கக் கூடாது என்று. தளத்தில் இருப்பவருக்கு எண்தான் வேதம். மாப்பிள்ளை அடிக்கிற எண்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சோம்பேறி அல்ல. வேகமான ஆள், கெட்டிக்காரர்.

கெட்டிக்காரர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்மா அப்பா போன பிறகு தங்கைக்கு நான், எனக்குத் தங்கை. அவளுக்கு மாப்பிள்ளை தேடி நான் ஊர் ஊராக அலையவில்லை. பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல குணம், தனிக்கட்டை, போய் ஒட்டிக்கொள்ளச் சொந்தம் என்று யாரும் கிடையாது. கல்யாணம் முடிந்ததும் என் வீட்டுக்கு மேலேயே மாடி எடுத்துக் கொடுத்தேன். அந்த மாடியை நானேதான் வரைந்தேன். அவள் சமையலறை சன்னலைத் திறந்தால் கீழே முற்றத்தில் என் மேசை தெரியும். "அண்ணா, டீ போடவா?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படி வைக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். இடம் போதாது என்றேன். படி என் ஹால் வழியாக ஏறியது. இடம் இருந்தது, மேடம். அளந்து பார்த்திருந்தேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கு எதற்கு இரண்டு வாசல்?

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கீழே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"பீடிகை எல்லாம் போடாத. சொல்லு."

"அவருக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. பெரிய கம்பெனி. வீடும் குடுக்கறாங்களாம்."

"இங்க வீடு இல்லாமலா இருக்கீங்க?"

"இருக்கு. ஆனா இது உன் வீடுண்ணா."

அவள் அதைக் குற்றம்போலச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். மாப்பிள்ளை கீழே வந்தபோது கை குலுக்கினேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன்.

பால்கனிக்கு வருகிறேன்.

அது ஒரு பல் டாக்டரின் கட்டடம். கீழே கிளினிக், மேலே வீடு, வீட்டின் முன்னால் தெருப்பக்கமாக ஒரு பால்கனி. படத்தைப் போட்டது மாப்பிள்ளை. பால்கனிக்கு அடியில் தூண் கிடையாது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதை விழாமல் பிடித்துவைப்பது கான்கிரீட்டின் மேல்பக்கமாக ஓடுகிற கம்பிகள். அவை அறைக்குள் நீண்டு போய், அங்கே தளத்துக்குள் புதைந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியை இழுத்துப் பிடிக்கின்றன. சன்னலுக்கு வெளியே எட்டிச் சாய்கிறவனை உள்ளேயிருந்து ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வதுபோல. பிடி நன்றாக உள்ளே இருக்க வேண்டும். சட்டை நுனியைப் பிடித்தால் ஆள் போய்விடுவான்.

எங்கள் இன்ஜினியரைக் கால்குலேட்டர் என்று கூப்பிடுவோம். கம்பி அறைக்குள் இரண்டாயிரத்து நானூறு மில்லிமீட்டர் போகவேண்டும் என்று அவர் கணக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை என்ன செய்தார் என்றால், பழைய வேலை ஒன்றில் சன்னலுக்கு மேல் போட்ட சின்ன மழைமறைப்பின் படத்தை எடுத்து இங்கே ஒட்டினார். அதில் கம்பி உள்ளே போவது அறுநூறுதான். கோட்டை நீட்டவில்லை. எண்ணின் மேல் இரண்டாயிரத்து நானூறு என்று அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கால்குலேட்டர் எண்ணைப் படித்தார், சரி என்று கையெழுத்துப் போட்டார். அச்சு தளத்துக்குப் போயிற்று. அந்த அச்சின்படி கட்டியிருந்தால் பால்கனி இன்றைக்கும் அங்கேயே இருக்கும். டாக்டர் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்குள் டாக்டர் வீட்டு அம்மாவுக்குக் குளியலறைக் கதவு இருக்கிற இடம் பிடிக்காமல் போயிற்று. மாப்பிள்ளையும் தங்கையும் அப்போது புது ஊருக்கு வீடு பார்க்கப் போயிருந்தார்கள். அங்கிருந்து போன் செய்தார்.

"மச்சான், அந்தக் குளியலறைக் கதவை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சு அனுப்பிடறீங்களா? சைட்ல நச்சரிக்கறாங்க."

"நீங்க வீட்டைப் பாருங்க மாப்ளே. நான் பாத்துக்கறேன்."

பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அண்ணாகிட்ட சொல்லுங்க, இங்க மாடில நின்னா ஊர் மொத்தமும் தெரியுதுன்னு."

எல்லோரும் வெளியே போயிருந்த மதிய இடைவேளையில் படத்தைத் திறந்தேன். கதவை நகர்த்தினேன். அது ஒரு நிமிட வேலை. பிறகு, படத்தை வெளியே அனுப்பும்முன் நான் எப்போதும் செய்கிற சுத்தத்தைச் செய்தேன். உபயோகமில்லாத லேயர் அடுக்குகளைத் தூக்குவது, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை எடுப்பது. கடைசியாக ஒரு கட்டளை உண்டு. படத்தில் உள்ள எல்லா அளவுகளையும் தேர்ந்தெடுத்து அதைக் கொடுத்தால், கையால் அடித்த எண்கள் எல்லாம் உதிர்ந்துபோகும். ஒவ்வோர் அளவும் தன் கோட்டை மறுபடி அளந்து, உண்மையான எண்ணைக் காட்டும்.

இரண்டாயிரத்து நானூறு அறுநூறாக மாறியதை நான் பார்த்தேன். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில். எண் தானாக மாறாது. நான் மாற்றினேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பொய்யை எடுத்துவிட்டு உண்மையை அதன் இடத்தில் வைத்தேன். கோடு அறுநூறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இதில் குற்றம் எங்கே என்று நானே பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் வேண்டாம், மேடம். சொல்லி முடித்துவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பிய படத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய இடத்தைச் சுற்றிக் குழந்தைகள் வரைவதுபோல வளைவு வளைவாக ஒரு மேகம் போடவேண்டும். பார்க்கிறவர் மேகத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? நான் குளியலறைக் கதவுக்கு மேகம் போட்டேன். அழகான மேகம். பால்கனிக்குப் போடவில்லை.

கால்குலேட்டருக்கு அனுப்பினேன். போன் செய்தார்.

"மேகம் ஒண்ணுதான் இருக்கு?"

"ஆமா சார், குளியலறைக் கதவு."

"கதவுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவீங்க? அனுப்புய்யா."

அனுப்பினேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் என்று அவரைக் குறை சொல்லாதீர்கள். மேகத்தை நம்புவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஓர் அலுவலகமும் நடக்காது.

சூப்பர்வைசர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால், அது பயத்தில். அவருக்குத் தெரியும். புது அச்சு கைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பால்கனி கம்பி பழைய பேப்பர்ல ரெண்டாயிரத்து நானூறுன்னு இருந்துச்சே. புதுசுல அறுநூறுன்னு இருக்கு?"

"புதுசு வந்தா பழசை என்ன பண்ணணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"கிழிச்சுப் போடணும். அது தெரியும்ணே. இருந்தாலும் எக்ஸ்பிரஸ்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவர் வேலையை விட்டுப் போறாரு. இனிமே எல்லாம் என்கிட்டதான். கையெழுத்து இருக்கா இல்லையா?"

"இருக்குண்ணே."

"அப்புறம் என்ன?"

கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை தன் வேலைகளை மற்றவர்களிடம் ஒப்படைப்பதில் மூழ்கியிருந்தார். நீங்கள் அலைய வேண்டாம் மாப்ளே என்று அவரிடம் சொல்லிவிட்டு நானே போனேன். சாரத்தில் ஏறி டேப் வைத்து அளந்தேன். கம்பிகள் நேராக, இடைவெளி பிசகாமல் இருந்தன. உள்ளே அறுநூறு. படத்தில் உள்ளபடி கட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. நான் எங்கேயும் பொய் எழுதவில்லை என்பதை நீங்கள் போகப்போகப் பார்ப்பீர்கள்.

என் நினைப்பு என்னவென்றால், கான்கிரீட் இறுகிய பிறகு அடியில் கொடுத்திருக்கும் முட்டுகளை எடுப்பார்கள். எடுத்ததும் பால்கனி தொங்கும், அல்லது விழும். முட்டு எடுக்கும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. ஆகவே யாருக்கும் எதுவும் ஆகாது. படத்தில் பெயர் மாப்பிள்ளையுடையது. இப்படி ஒரு பெயரோடு போகிறவரைப் புதுக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிடும். அவர் தலை குனிந்து வீட்டுக்கு வருவார். நான் தோளில் கைபோட்டு, விடுங்க மாப்ளே, எனக்கும் ஆரம்பத்தில் இப்படி ஆகியிருக்கிறது என்பேன். ஆர்க்கிடெக்டிடம் பேசி வேலையைக் காப்பாற்றிக் கொடுப்பேன். மாடியில் விளக்கு எரியும். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

நான் கொஞ்சம் முன்னால் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதவைத் தள்ளிவைக்கச் சொன்ன அந்தப் போனில், வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார்.

"மச்சான், உங்க சுத்தம் எல்லாம் இதுல வேண்டாம். அளவுல கை வெச்சிடாதீங்க. பால்கனில கையால அடிச்சு வெச்சிருக்கேன். வந்து ஒழுங்கா வரைஞ்சிடறேன், சத்தியமா."

சரி என்றேன். ஆகவே நான் தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறாகிவிடும். அவர் சொல்லியிராவிட்டால் பால்கனி என் கண்ணிலேயே பட்டிருக்காது.

முட்டு எடுத்த நாள். அது அவருடைய கடைசி வேலைநாள். டாக்டர் வீட்டுக்குப் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் இங்க போட்ட கடைசிப் படம் மச்சான். நிக்கறதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

போகாதீர்கள் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

நான் அன்று லீவு போட்டிருந்தேன். தங்கைக்கு உதவியாக மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே பேசினாள். புது ஊரில் காற்று நன்றாக வருமாம். "நீ மாசம் ஒரு தடவை வந்துடணும்ணா. உனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கேன்," என்றாள். விருந்தாளிக்கு வைக்கிற அறை. அதையும் ஆசையாகத்தான் சொன்னாள்.

என் போன் அடித்தது. என் கையில் டேப் இருந்ததால் அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், முட்டு மொத்தமும் எடுத்தாச்சு. ஜம்முனு நிக்குது."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நிற்கக் கூடாது. தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே கான்கிரீட் ஏதோ பிடிவாதத்தில் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சில சமயம் அப்படி ஆகும். கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"பார்த்தீங்களா, கோட்டை இழுக்காமலே நிக்குது," என்றார். அந்தப் பழைய கிண்டல். தங்கை சிரித்தாள். "போற நாள்லகூட அண்ணாகிட்ட பாஸ் மார்க் வாங்கணும் இவருக்கு."

"அடிப்பக்கம் எப்படி வந்திருக்கு மாப்ளே? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்," என்றேன்.

அனுப்பினார். தங்கை அதைத் திறந்து பார்த்துவிட்டு, "வெறும் சிமெண்ட்டு. இதை எடுக்கத்தான் அங்க போனாரா?" என்று என்னிடம் நீட்டினாள்.

நல்ல படம். விளிம்பு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. ஓர் ஓரமாக, பக்கவாட்டில் பால்கனி கட்டடத்தோடு சேருகிற இடத்தில், மேலிருந்து இறங்கி வந்த ஒரு கோடு. பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கோடு. அதை யாரும் வரையவில்லை. அந்தக் கோட்டின் பொருள் எனக்குத் தெரியும். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. தங்கை என் பக்கத்தில் நின்றிருந்தாள். வெளியே வாங்க என்று இரண்டு வார்த்தை. அதற்கு மேல் தேவையில்லை.

இவ்வளவு நேரம் நான் உங்களிடம் சொன்ன நினைப்பு, அவர் பெயர் கெடும், வேலை போகும், வீட்டோடு இருப்பார் என்பதெல்லாம், அதுவரைக்கும் உண்மை. அந்த நிமிடத்தில் கட்டிக்கொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தேன். மேல்மூடியில் புது விலாசம் எழுதியிருந்தாள். பால்கனி நின்றுவிட்டது, பெயர் கெடவில்லை, நாளைக்கு வண்டி வரும் என்றுதான் தோன்றியது.

"வீட்டோட சேர்ற எடம் சரியாத் தெரியல மாப்ளே," என்றேன். "இன்னும் கொஞ்சம் உள்ள போய், சுவர் ஓரமா நின்னு எடுங்க."

"இதோ போறேன் மச்சான்."

இரண்டாவது படம் வரவில்லை. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கர் சின்னது. தங்கை, "என்னங்க, என்னங்க," என்று போனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் கையில் இருந்த டேப்பைக் கிழித்து, அந்தப் பெட்டியை முடித்தேன்.

முட்டு அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்கு இடுப்பு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் விலகி நின்றிருக்க வேண்டும். வருத்தமாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் கேட்டது எண்ணைப் பற்றி மட்டும்தான். மென்பொருள் கோளாறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். இல்லை, அவருடைய கைத்தவறு என்று தலையாட்டியிருக்கலாம். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

தங்கைதான் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள், அவசரப்பட்டுப் படம் போட்டு அவரே மாட்டிக்கிட்டாரு என்று. அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று கீழே இறங்கி வந்து என் எதிரில் நின்றாள்.

"அவர் படம் தப்புன்னு எழுதிட்டாங்கன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்ணா. அவர் பாத்து வெச்ச வீட்டுக்கே போயிடுவேன். தனியா."

"தனியா எப்படிம்மா இருப்ப?"

"இருந்துக்கறேன். இங்க எல்லார் மூஞ்சியும் பாத்துக்கிட்டு என்னால முடியாது. நீதான் அவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தே. நீ போய்ச் சொன்னா நம்புவாங்க. அவர் தப்புப் பண்ணலேன்னு சொல்லுண்ணா."

அவள் என்னை ஒன்று கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது. அவர் தப்புச் செய்யவில்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைத்தான் இப்போது செய்திருக்கிறேன். அவளுக்காக இவ்வளவும் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை கொடுத்த அளவு சரி. அதை மாற்றியவன் நான். தெரிந்தே மாற்றினேன். கம்பியைப் பார்த்துச் சரி என்றவன் நான். விரிசலைப் பார்த்த பிறகு அவரை அதன் அடியில் போகச் சொன்னவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறேன். அந்த அம்மாவைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு உதவி. தங்கை வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடுதான் வந்தாள். அவளைக் கூப்பிட்டு முதல் வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள், அவள் கணவர் கொடுத்த அளவு சரி என்று. மிச்சத்தை நான் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். முதலில் அழுவாள், பிறகு புரிந்துகொள்வாள். அவள் கேட்டபடி அவர் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன், இல்லையா? இனி அவள் இந்த ஊரைவிட்டுப் போகவேண்டிய காரணமே இல்லை.